குழந்தைகளின் தாடையும் மூச்சுப்பாதையும்: நாக்குப் பயிற்சி, பல் சீரமைப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் குழந்தை, குறட்டை விடும் குழந்தை, முன்பற்கள் எத்திக்கொண்டு வரும் குழந்தை ஆகியோரின் பெற்றோர் இன்று பல இடங்களில் பல விதமான விளக்கங்களைக் கேட்கிறார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு என்ற சதை வீங்கியிருக்கிறது என்கிறார்; பல் சீரமைப்பு மருத்துவர் மேல்தாடை குறுகலாக இருக்கிறது என்கிறார்; காணொளிகளோ நாக்கை அண்ணத்தில் ஒட்டிவைத்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்கின்றன. சுமார் 4 வயது முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளை மனத்தில் வைத்து, இவற்றில் எவற்றுக்கு நல்ல ஆதாரம் உண்டு, எவை ஆதாரத்தை மிஞ்சிய பேச்சு என்பதைப் பிரித்துக் காட்ட இங்கே முயல்கிறோம்.

மயோஃபங்ஷனல் தெரபி என்பது என்ன?

நாக்கு, உதடு, கன்னம், தொண்டையின் மேற்பகுதி ஆகியவற்றின் தசைகளுக்குத் தரப்படும் பயிற்சி முறை இது. ஓய்வாக இருக்கும்போது உதடுகள் மூடியிருக்க வேண்டும், நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் உள்ள மேட்டைத் தொட்டபடி நாக்கு முழுவதும் அண்ணத்தில் படிந்திருக்க வேண்டும், மூச்சு மூக்கின் வழியே போய்வர வேண்டும், விழுங்கும்போது நாக்கு பற்களுக்கிடையே நீட்டிக்கொண்டு வரக்கூடாது என்பவையே அதன் இலக்குகள். இது புதிதாகத் தோன்றிய எண்ணமும் அல்ல. அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் ஆல்ஃபிரட் ரோஜர்ஸ் 1918ஆம் ஆண்டிலேயே முகத் தசைகளுக்கான பயிற்சிகளைப் பற்றி எழுதினார். கம்பிகளைப் போலவே தசைகளையும் பல் சீரமைப்பின் கருவிகளாகக் கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. அண்மைக்காலத்தில் புதிதாகச் சேர்ந்தது, இப்பயிற்சியைத் தூக்கத்தில் ஏற்படும் மூச்சுத் தடையோடு இணைத்துப் பார்க்கும் பார்வைதான்.

வாயால் மூச்சு விட்டால் முகம் நீண்டுவிடும் என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு உண்மை. ஆனால் எந்த அளவு என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வாய் திறந்திருக்கும்போது நாக்கு அண்ணத்தை விட்டுக் கீழே இறங்குகிறது, கீழ்த்தாடையும் கீழ் நோக்கிப் பின்னால் சாய்கிறது. உள்ளிருந்து நாக்கு தரும் தாங்குதல் இல்லாத நிலையில் கன்னத் தசைகளின் அழுத்தம் மட்டும் மேல்தாடையின் மீது தொடர்ந்தால், மேல்தாடை குறுகலாகவும் அண்ணம் உயரமாகவும் அமையக்கூடும் என்பதே விளக்கம். எலும்பின் வளர்ச்சியை அதைச் சூழ்ந்துள்ள தசைகளும் அவற்றின் செயல்பாடும் வழிநடத்துகின்றன என்று 1960களில் மெல்வின் மாஸ் வகுத்த கோட்பாடு இதற்கு அடிப்படையாக அமைந்தது. எகில் ஹார்வல்ட் என்பவர் 1970களில் ரீசஸ் குரங்குகளின் மூக்கை அடைத்துப் பார்த்த சோதனைகளில், அவற்றின் பல் வரிசையும் தாடையும் மாறியது தெளிவாகத் தெரிந்தது. அதே சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது: ஒவ்வொரு குரங்கும் தாடையையும் நாக்கையும் வெவ்வேறு விதமாக வைத்துச் சமாளித்ததால், விளைந்த மாற்றமும் ஒன்றுபோல் இருக்கவில்லை. மேலும், அங்கே மூக்கு முற்றிலும் அடைக்கப்பட்டிருந்தது. குழந்தைகளிடம் அப்படிப்பட்ட முழு அடைப்பு அரிது.

மனிதர்களைப் பொறுத்தவரை, ஸ்வீடனில் ஸ்டென் லிண்டர்-ஆரன்சன் 1970இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அடினாய்டு வீக்கத்தால் மூக்கடைப்பு இருந்த குழந்தைகளுக்கு முகத்தின் கீழ்ப்பகுதி சராசரியாகச் சற்று நீளமாகவும், மேல்தாடை குறுகலாகவும் இருந்ததை அவர் கண்டார். அடினாய்டை அகற்றி, மூக்கால் மூச்சு விடத் தொடங்கிய குழந்தைகளிடம் அந்த வேறுபாடுகள் ஓரளவு குறைந்தன. எனினும் நீண்ட முகமுள்ள பல குழந்தைகள் நன்றாகவே மூக்கால் மூச்சு விடுகிறார்கள். வாயால் மூச்சு விடும் பலருக்கு முகம் சாதாரணமாகவே இருக்கிறது. முக அமைப்பில் பரம்பரையின் பங்கு பெரிது. ஆகவே ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் “இவன் வாயால் மூச்சு விடுபவன்” என்று முடிவு கட்டுவதை யார் செய்தாலும் ஏற்க வேண்டாம்.

விழுங்கும்போது நாக்கு தள்ளுவதால்தான் முன்பற்கள் எத்துகின்றனவா?

ஒரு நாளில் நாம் ஏறத்தாழ ஆயிரம் முறை விழுங்குகிறோம்; ஒவ்வொரு முறையும் பற்களின் மேல் அழுத்தம் படுவது ஏறக்குறைய ஒரு நொடிதான். எல்லாவற்றையும் கூட்டினாலும் ஏறத்தாழ பதினேழு நிமிடங்களே தேறும். பற்கள் நகர்வதற்கு, விசையின் அளவைவிட அது நீடிக்கும் நேரமே முக்கியம் என்பதை வில்லியம் ப்ராஃபிட் 1978இல் விளக்கினார். அதன்படி, விழுங்கும்போது நாக்கு தள்ளுவதைவிட, மற்ற நேரமெல்லாம் நாக்கு எங்கே ஓய்வெடுக்கிறது என்பதே பற்களுக்குப் பொருட்டு. பற்களுக்கிடையே இடைவெளி ஏற்கெனவே இருப்பதால், விழுங்கும்போது வாயை அடைக்க நாக்கு அங்கே நீள்வதும் உண்டு. அப்போது நாம் காரணம் என்று நினைப்பது உண்மையில் விளைவாக இருக்கிறது. நல்ல பயிற்சியாளர்கள் விழுங்கும் முறையைவிட ஓய்வு நிலைக்கு அதிக நேரம் ஒதுக்குவது இதனால்தான்.

என் குழந்தை தினமும் குறட்டை விடுகிறது. கவலைப்பட வேண்டுமா?

சளி பிடித்த நாட்களில் மட்டும் வரும் குறட்டைக்குக் கவலை வேண்டாம். வாரத்தில் மூன்று இரவுகளோ அதற்கு மேலோ, மாதக்கணக்கில் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் வழக்கமாகக் குறட்டை விடுகிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கே தூக்கத்தில் மூச்சுத் தடை நோய் இருக்கிறது. மொத்தக் குழந்தைகளில் அது 1 முதல் 5 விழுக்காடு என்பது பொதுவான மதிப்பீடு.

குறட்டையோடு சேர்ந்து வேறென்ன நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். குறட்டை திடீரென்று நின்று, சில நொடிகள் மூச்சே இல்லாமல் இருந்து, பிறகு திணறலோடு மூச்சை இழுப்பது. கழுத்தைப் பின்னால் வளைத்துத் தூங்குவது. இரவில் அதிகமாக வியர்ப்பது. படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்றுபோன பிறகு மீண்டும் திரும்புவது. காலையில் தலைவலியோடு எழுவது ஆகியவை முக்கியமான அறிகுறிகள். பெரியவர்களைப் போலக் குழந்தைகள் பகலில் தூங்கி வழிவது குறைவு. மாறாக எரிச்சல், துறுதுறுப்பு, வகுப்பில் கவனமின்மை என்று அது வெளிப்படும். தூங்கும்போது கைபேசியில் ஒன்றிரண்டு நிமிடம் காணொளி எடுத்துச் சென்றால், மருத்துவருக்கு அது பேருதவியாக இருக்கும்.

உறுதி செய்ய வேண்டுமானால், இரவு முழுவதும் மூச்சு, ஆக்சிஜன் அளவு, மூளை அலை ஆகியவற்றைப் பதிவு செய்யும் ஸ்லீப் ஸ்டடி தேவைப்படலாம். பெரியவர்களுக்கு மணிக்கு ஐந்து முறை மூச்சு தடைபட்டால்தான் நோய் என்கிறோம். குழந்தைகளுக்கு மணிக்கு ஒரு முறைக்கு மேல் என்றாலே அது இயல்புக்கு மாறானது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குக் குறட்டை இல்லாவிட்டாலும் 4 வயதுக்குள் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது.

முதலில் யாரிடம் போக வேண்டும்? பல் மருத்துவரிடமா, காது மூக்கு தொண்டை மருத்துவரிடமா?

மூக்கு அடைத்திருந்தால் முதலில் மூக்கு. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அடைத்த மூக்கோடு இருக்கும் குழந்தையிடம் வாயை மூடச் சொல்லிப் பயிற்சி தருவது பயனற்றது. அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநியாயமும்கூட.

மூக்கின் பின்புறம் இருக்கும் அடினாய்டு சதை, 2 வயது முதல் 7 வயது வரை பெரிதாக இருந்து, பதின்பருவத்தை ஒட்டிச் சுருங்கும். டான்சிலும் இந்த வயதில்தான் தொண்டையின் இடத்தை அதிகமாக அடைத்துக்கொள்கிறது. இவற்றோடு ஒவ்வாமையால் வரும் மூக்கடைப்பும் சேரலாம். தூசி, பூஞ்சை, கொசுவர்த்திப் புகை, ஊதுவத்திப் புகை என எது தூண்டுகிறது என்று வீட்டிலேயே கவனித்துக் குறைக்க முடியும். லேசான நிலையில் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே சில வாரங்கள் தரப்படுவதுண்டு. ஒவ்வாமைக்கான மான்டிலூகாஸ்ட் மாத்திரையும் எழுதித் தரப்படுகிறது; ஆனால் மனநிலை மாற்றம், கெட்ட கனவு போன்ற பக்கவிளைவுகளுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. ஆகவே அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கொடுங்கள். குழந்தையின் நடத்தை மாறினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடினாய்டு, டான்சில் அறுவை சிகிச்சையைப் பற்றிய மிகச் சிறந்த ஆதாரம் 2013இல் வெளியான, சாட் (CHAT) என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வு. 5 முதல் 9 வயது வரையுள்ள 464 குழந்தைகளில் ஒரு பாதிக்கு அடினாய்டும் டான்சிலும் அகற்றப்பட்டன. மறுபாதியினர் கண்காணிப்பில் மட்டும் இருந்தார்கள். ஏழு மாதம் கழித்து, அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 79 விழுக்காட்டினருக்குத் தூக்கச் சோதனை இயல்பு நிலைக்குத் திரும்பியிருந்தது. கண்காணிப்பில் இருந்தவர்களிலும் 46 விழுக்காட்டினருக்கு அப்படித் திரும்பியிருந்தது. நடத்தையும் தூக்கமும் வாழ்க்கைத் தரமும் அறுவை சிகிச்சைப் பிரிவில் கூடுதலாக மேம்பட்டன. கவனத்தை அளந்த முதன்மைத் தேர்வில் மட்டும் இரு பிரிவுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. லேசான நோயுள்ள குழந்தைக்குக் காத்திருந்து பார்ப்பதும் நியாயமான வழி என்பதை அந்த 46 விழுக்காடு சொல்கிறது. ஆனால் காத்திருந்து எதையாவது செய்து பார்த்துச் சரியானால், செய்தது எதுவாக இருந்தாலும் அதற்கே பெருமை போய்ச் சேரும் என்பதையும் அதே எண்ணிக்கை உணர்த்துகிறது. பயிற்சிகளின் வெற்றிக் கதைகளைக் கேட்கும்போது இதை மறக்கக்கூடாது.

பயிற்சி மட்டுமே குறட்டையையும் மூச்சுத் தடையையும் போக்கிவிடுமா?

2015இல் மக்காரியோ கமாச்சோ குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மூச்சுத் தடையின் எண்ணிக்கை பெரியவர்களிடம் ஏறத்தாழ பாதியாகவும், குழந்தைகளிடம் 62 விழுக்காடும் குறைந்தது என்பது அதன் முடிவு. பல விளம்பரங்களில் இந்த 62 என்ற எண்ணைக் காணலாம். அது வெறும் இரண்டு ஆய்வுகளிலிருந்து, மொத்தம் 25 குழந்தைகளிடமிருந்து கிடைத்தது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

பயிற்சிக்கு உண்மையான இடம் எது என்பதைக் காட்டும் இன்னொரு சிறிய ஆய்வு, குழந்தைகளின் தூக்க மூச்சுத் தடையை முதன்முதலில் விரிவாக விவரித்தவர்களுள் ஒருவரான ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் கியெமினோ குழுவினர் 2013இல் வெளியிட்டது. டான்சில், அடினாய்டு அறுவை சிகிச்சையும் பல் சீரமைப்பும் முடிந்து குணமான 24 பேரைப் பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தசைப் பயிற்சியை முடித்த 11 பேரும் நலமாக இருந்தார்கள். பயிற்சி பெறாத 13 பேருக்கும் நோய் திரும்பியிருந்தது. இதுவும் சின்னஞ்சிறு எண்ணிக்கைதான். குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட ஆய்வும் அல்ல. ஆனாலும் எனக்கு இது பொருத்தமான திசையைக் காட்டுவதாகத் தோன்றுகிறது: தடையை முதலில் நீக்கிவிட்டு, பழைய பழக்கத்துக்குத் திரும்பாமல் காக்கப் பயிற்சியைப் பயன்படுத்துவது. திறந்து கிடந்து பழகிய வாய், மூக்கு திறந்த மறுநாளே தானாக மூடிக்கொள்வதில்லை.

மேல்தாடையை விரிக்கும் கருவி பொருத்தினால் மூச்சு சீராகுமா?

மேல்தாடை நடுவில் ஒரு பொருத்தால் இணைந்த இரண்டு எலும்புகளாக இருக்கிறது. அந்தப் பொருத்து இறுகும் முன், அண்ணத்தில் பொருத்திய எக்ஸ்பாண்டர் கருவியின் திருகை நாள்தோறும் சிறிது திருப்பினால், இரு பாதிகளும் மெல்லப் பிரிந்து இடையே புது எலும்பு உருவாகும். ஒரு கால் சுற்றுக்கு ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர் விரிவு கிடைக்கும். மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே திடீரென்று இடைவெளி தோன்றும். அது கருவி வேலை செய்வதன் அடையாளம், சில மாதங்களில் மூடிக்கொள்ளும். விரித்த பிறகும் எலும்பு உறுதிப்படும் வரை கருவியைச் சில மாதங்கள் வாயிலேயே வைத்திருக்க வேண்டும். இந்த முறையை 1860இல் எமர்சன் ஏஞ்சல் விவரித்தார்; ஆண்ட்ரூ ஹாஸ் 1961இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு பரவலானது.

அண்ணத்தின் மேற்பரப்புதான் மூக்கின் தரை. எனவே அண்ணம் விரிந்தால் மூக்கின் அடிப்பகுதியும் விரிகிறது. இத்தாலியில் பாவ்லா பிரெல்லி குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், டான்சில் வீக்கம் இல்லாத, மேல்தாடை குறுகிய 31 குழந்தைகளிடம், மணிக்குச் சராசரியாக 12 என்றிருந்த மூச்சுத் தடை ஒன்றுக்கும் கீழே இறங்கியது. ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை என்றாலும் கவனத்திற்குரிய முடிவு. இங்கே அடிக்கோடிட வேண்டிய சொற்கள் “மேல்தாடை குறுகிய” என்பவை. பின்பற்கள் குறுக்குக் கடியில் (மேல் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உள்ளே கடிக்கும் நிலையில்) இருக்கும் குழந்தைக்கு விரிவாக்கம் பல் சீரமைப்பின் காரணத்துக்காகவே தேவை. மூச்சுக்கும் உதவினால் இரட்டை நன்மை. தாடை சரியான அகலத்தில் இருக்கும் குழந்தைக்கு, பின்னாளில் மூச்சுத் தடை வராமல் காப்பதாகச் சொல்லி விரிக்கக்கூடாது. அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின் நிலைப்பாடும் இதுவே.

கீழ்த்தாடை பின்னால் இருக்கிறது. எட்டு வயதிலேயே கருவி போட வேண்டுமா?

ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் உருவாக்கிய ட்வின் பிளாக் போன்ற கருவிகள் கீழ்த்தாடையை முன்னால் நகர்த்தி வைக்கின்றன. 8 அல்லது 9 வயதில் தொடங்கியவர்களையும் பதின்பருவ வளர்ச்சியின்போது தொடங்கியவர்களையும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டபோது, இறுதி முக அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. முன்கூட்டியே தொடங்கியதன் தெளிவான நன்மை, எத்திய மேல் முன்பற்கள் விழுந்து அடிபட்டு உடைவது குறைந்ததுதான். ஓடியாடி விழும் குழந்தைக்கு அது சிறிய விஷயம் அல்ல. பற்களை வைத்துக் கேலிக்கு ஆளாகும் குழந்தைக்கும் முன்கூட்டிய சிகிச்சை தகும். மற்றவர்கள் பதற்றமின்றிக் காத்திருக்கலாம்.

பல்லைப் பிடுங்கிக் கிளிப் போட்டால் மூச்சுப்பாதை சுருங்குமா?

முன்கடைவாய்ப் பற்களை எடுப்பதால் தூக்க மூச்சுத் தடை நோய் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை.

முப்பரிமாண ஸ்கேனில் மூச்சுப்பாதை குறுகலாக, சிவப்பாகக் காட்டினார்கள். அது நோய்தானே?

இல்லை. விழித்திருக்கும்போது எடுத்த அந்தப் படம், தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும்போது என்ன நடக்கிறது என்பதைக் காட்டாது. நாக்கு சற்று நகர்ந்தாலும், விழுங்கினாலும், தலை சாய்ந்தாலும் அளவு மாறிவிடும். நோயை உறுதி செய்வது தூக்கச் சோதனையே. மூச்சுப்பாதையை அளப்பதற்காக மட்டும் குழந்தையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்த வேண்டியதில்லை.

நாக்கின் அடியில் சவ்வு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் தாடை வளரும் என்கிறார்களே?

நாக்கை உயர்த்த முடியாத அளவுக்கு அந்தச் சவ்வு கட்டையாக இருந்தால், நாக்கு அண்ணத்தில் படிவது கடினம் என்பது உண்மை. ஆனால் அதை வெட்டினால் தாடை அகலமாகும், குறட்டை நிற்கும் என்று உறுதி கூறும் அளவுக்குத் தரமான ஆய்வுகள் இல்லை. பேச்சுக்காகவே வெட்ட வேண்டும் என்பதும் பரவலான நம்பிக்கை. நாக்கு ஒட்டு பெரும்பாலும் பேச்சைப் பாதிப்பதில்லை என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு நிபுணர் குழு கூறியது. வெட்டுவதற்கு முன் இரண்டாவது மருத்துவர் ஒருவரின் கருத்தைக் கேளுங்கள்.

விரல் சூப்பும் பழக்கம்?

3, 4 வயது வரை பொறுத்திருக்கலாம். நிலைப் பற்கள் முளைக்கும் முன், அதாவது 6 வயதுக்குள் நின்றுவிட்டால், முன்பற்களுக்கிடையே ஏற்பட்ட இடைவெளி பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்கிறது. விரலில் வேப்பெண்ணெய் தடவுவதும் அடிப்பதும் பலன் தருவதைவிட அச்சத்தையே தருகின்றன. நிறுத்திய நாட்களைப் பாராட்டுவதும், இரவில் கைக்கு மெல்லிய உறை அணிவிப்பதும் நல்ல தொடக்கங்கள்.

இரவில் வாயில் டேப் ஒட்டலாமா?

குழந்தைகளுக்கு ஒட்டவே கூடாது. மூக்கடைப்போ வாந்தியோ வந்தால் ஆபத்து.

பயிற்சி எப்படி நடக்கும்? யார் தருவார்கள்?

பொதுவாக 5 வயதுக்கு மேல், சொன்னதைக் கேட்டுச் செய்யக்கூடிய குழந்தைக்கே பயிற்சி பயன் தரும். மூக்கால் மூச்சு விட முடிகிறதா என்பதை முதலில் சோதிப்பார்கள். குழந்தை விழித்திருக்கும்போது ஒரு மடக்கு நீரை வாயில் வைத்துக்கொண்டு ஓரிரு நிமிடம் சங்கடமின்றி மூச்சு விடுகிறதா என்று பார்ப்பது எளிய வழி. பிறகு, நாக்கை அண்ணத்தில் உறிஞ்சி ஒட்டிச் சொடுக்கொலியோடு விடுவது, நாக்கை ஒட்டியபடியே வாயை அகலத் திறந்து மூடுவது, உதடுகளுக்கிடையே மெல்லிய அட்டையைப் பிடித்திருப்பது, நாக்கை மேலே வைத்துச் சிறிது நீர் விழுங்குவது என்று படிப்படியாகக் கூட்டுவார்கள். நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் போல, பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். பெற்றோரில் ஒருவர் உடன் அமர்ந்து செய்யாத வீடுகளில் இது இரண்டாவது வாரத்திலேயே நின்றுபோகிறது. தொடர முடியாது என்று தெரிந்தால், பணம் கட்டும் முன்பே அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

இந்தப் பயிற்சியைத் தருபவரின் அடிப்படைத் தகுதியைக் கேளுங்கள். பேச்சு மொழிச் சிகிச்சையாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பல் சீரமைப்பு மருத்துவர் என்றால் பல் மருத்துவப் பட்டத்துக்குப் பின் அந்தத் துறையில் மூன்றாண்டு எம்.டி.எஸ். முடித்திருக்க வேண்டும். வாரக் கடைசி வகுப்பில் பெற்ற சான்றிதழ் மட்டும் போதாது. சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பல் சீரமைப்புத் துறை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவுகள் இருக்கின்றன. செலவை நினைத்துத் தள்ளிப்போடும் பெற்றோர் அங்கிருந்து தொடங்கலாம்.

கிளிப் போட்டு முடித்த பிறகு முன்பற்களுக்கிடையே மீண்டும் இடைவெளி வருமா?

முன்பற்கள் ஒன்றையொன்று தொடாத திறந்த கடி, சிகிச்சைக்குப் பிறகும் திரும்பி வரும் இயல்புடையது. நாக்குப் பயிற்சிக்கு எனக்குத் தெரிந்த மிக நடைமுறையான பயன் இங்கேதான் இருக்கிறது. 2010இல் ஸ்மித்பீட்டர், கோவெல் இருவரும் வெளியிட்ட ஆய்வில், கிளிப் சிகிச்சையோடு பயிற்சியும் பெற்றவர்களுக்குத் திரும்பி வந்த இடைவெளி சராசரியாக 0.5 மில்லிமீட்டர், கிளிப் மட்டும் பெற்றவர்களுக்கு 3.4 மில்லிமீட்டர். பழைய நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்த ஆய்வு என்பதால் அந்த எண்களை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆயினும் திறந்த கடிக்குக் கிளிப் போடும் குழந்தையின் பெற்றோர், நாக்கின் ஓய்வு நிலையைச் சோதித்தீர்களா என்று சிகிச்சையின் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் கேட்க வேண்டும். கிளிப்பைக் கழற்றிய பிறகு பற்கள் நகராமல் பிடித்துவைக்கத் தரப்படும் ரிடெய்னர் கருவியையும் சொன்ன காலம் வரை விடாமல் அணிவிக்க வேண்டும்.